தராசு சார் வண்டியில் இரண்டு வழிகாட்டிகள்

கடைத்தெருவில் அவருக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அலுவலகப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது, வேறு யாரும் அதை எடுத்துப் புழங்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் எடை அளவு ஆய்வாளர் வேலை. பித்தளை எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டியோடு சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குள் நுழைந்து, "கொஞ்சம் நகருங்க" என்று தராசுக்கு முன்னால் போய் நிற்பார். "தராசு வர்றாரு" என்று தெருமுனையில் ஒருவர் முணுமுணுத்தால் போதும், கடைசிக் கடை வரைக்கும் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரர். யாரிடமும் கை நீட்டி ஒரு காசு வாங்கியதில்லை. மற்ற ஆய்வாளர்கள் தட்டில் எடைக்கல்லை வைத்துப் பார்ப்பார்கள்; இவர் முதலில் காலித் தட்டைப் பார்ப்பார். ஒன்றுமே வைக்காதபோது முள் எங்கே நிற்கிறது, ஒரு நூல் தள்ளி நின்றால் கடைக்காரர் ஏன் அதைக் கவனிக்கவில்லை, கவனித்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று யோசிப்பார். அங்கேதான் அவருக்கு மூக்கில் வியர்க்கும். "ஒண்ணும் இல்லாத இடத்தை முதல்ல பாருய்யா" என்று கூட வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான்.

கெட்டிக்காரத்தனத்தை ஐந்து மணிக்கு அலுவலகத்தில் பூட்டிவிட்டு வந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அவர் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்தார். பிஸ்கட் பாக்கெட்டை நிறுத்துப் பார்ப்பார். காய்ச்சல் வந்தால் இரண்டு தெர்மாமீட்டர் வைத்து, இரண்டும் ஒரே அளவு காட்டினால், "எப்படி அவ்வளவு கச்சிதமா?" என்று அதற்கும் சந்தேகப்படுவார். பக்கத்து வீட்டுக்காரர் காரணமில்லாமல் சிரித்தால் அன்றைக்குத் தண்ணீர் மீட்டரைப் போய்ப் பார்ப்பார். அவர் மனைவி இதையெல்லாம் காதில் வாங்கி, அந்தக் காது வழியாகவே வெளியே விட்டுக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டிவிட்டாள்.

ஒன்றை மட்டும் அவளால் அப்படி விட முடியவில்லை. அவர்களுக்கு ஒரே மகள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொள்வேன் என்று வந்து நின்றாள். பையனின் அப்பா ஆணி, கம்பி விற்கும் இரும்புக்கடைக்காரர். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்ததற்காக அதற்கும் இரண்டு வருஷம் முன்னால் தராசு சார் தன் கையாலேயே சீல் வைத்த கடை அது. அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "பழி வாங்கறதுக்காகப் பொண்ணைப் பிடிச்சிருக்கானுங்க" என்றார். மகள் அழுதாள், சத்தம் போட்டாள், கடைசியில் ஒரு பெட்டியோடு கிளம்பிப் போனாள். இரண்டு பேரும் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டதாக யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மகளின் பேச்சு எழவில்லை. வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று மனைவி பேசவில்லை. அவள் ஏன் பேசவில்லை என்று அவர் கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற மனிதர் அதை மட்டும் கேட்கவில்லை.

வேலை ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆனபோது ஒரு பழைய கார் வாங்கினார். அலுவலக ஜீப்பை இருபது வருஷமாகப் பார்த்துவந்த மெக்கானிக்தான் கொண்டுவந்து நிறுத்தினார். "ஒரு டீச்சரோட வண்டி சார். அஞ்சு வருஷம் ஆகுது. ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் போய்ட்டு வந்தது, அவ்வளவுதான். தனியா இருக்கறவங்க, பூ மாதிரி வச்சிருந்தாங்க." தராசு சார் காகிதத்தைப் பார்த்தார்; ஒரு பெண் பெயர், தெரியாத பெயர். எஞ்சின் நம்பரை டார்ச் அடித்து மூன்று முறை சரிபார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதுவே அவருக்கு நெருடியது. நான்கு டயரும் புத்தம்புதிதாக இருந்தது இன்னும் நெருடியது. விற்கப்போகிற வண்டிக்கு எவனாவது புது டயர் போடுவானா? பழைய டயர் எதைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று மாற்றினார்கள்? ஆனாலும் வண்டி ஓட்டிப் பார்க்கும்போது நன்றாக இருந்தது. மனைவியும், "இதையே எடுத்துக்கலாங்க" என்றாள். எடுத்துக்கொண்டார்.

வழிதான் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் ஜீப்பின் முன்சீட்டில், மடியில் ஃபைலை விரித்துக்கொண்டு ஊர் சுற்றியவர். டிரைவர் கொண்டுபோய் நிறுத்துவார், இவர் இறங்குவார். எந்தத் தெருவில் எந்தக் கடை என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். அந்தத் தெருவுக்கு எப்படிப் போவது என்று கேட்டால் முழிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய அலுவலக நண்பர் வீட்டுக்குக் கிளம்பி, ஒருவழிப் பாதைகளிலும் மேம்பாலங்களிலும் மாட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் சுற்றி, கிளம்பிய பெட்ரோல் பங்குக்கே வந்து சேர்ந்தார்கள்.

"யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள் மனைவி.

"கேட்டா? அவன் வேணும்னே தப்பா சொன்னா?"

"உங்களுக்குத் தப்பா வழி சொல்லி அவனுக்கு என்னங்க லாபம்?"

"அதைத்தான் நானும் யோசிச்சேன். புரியல. அதான் கேக்கல."

இப்படித்தான் வழிகாட்டிக் கருவி பற்றிய பேச்சு வந்தது. வண்டியிலேயே ஒன்று இருந்தது. முன்பலகையில் பதித்த பெரிய திரை. வாங்கின நாளிலிருந்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். யாருடைய ஆள் என்று தெரியாத ஒன்றை எதற்குத் தட்டி எழுப்ப வேண்டும் என்று விட்டுவிட்டார். கார் சாமான் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார்.

"ரெண்டு வகை இருக்கு சார்" என்றார் கடைக்காரர். "உங்க வண்டியில இருக்கறது இன்பில்ட். ஸ்கிரீன் பெருசு, ஒயர் தொங்காது, வெயில்ல கழண்டு விழாது. ஆனா மேப் பழசு. புதுசு போடணும்னா கம்பெனிக்குத்தான் போகணும், அவன் சொன்னதுதான் விலை. இது ஒட்டற மாடல். கண்ணாடியில ஒட்டிக்கலாம், வேற வண்டிக்கும் மாத்திக்கலாம். மேப்பு ஃப்ரீயா புதுசாகிட்டே இருக்கும். ஸ்கிரீன் சின்னது, அதான் ஒரு குறை. இறங்கும்போது மறக்காம எடுத்துப் பையில போட்டுக்கணும், இல்லன்னா கண்ணாடியை உடைச்சு எடுத்துட்டுப் போயிடுவானுங்க."

"ஃப்ரீயா ஏன் குடுக்கறான்?"

"கம்பெனி குடுக்குது சார்."

"அதான் கேக்கறேன், ஏன்?"

கடைக்காரர் உதவிக்கு அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, விடுங்க. நான் போற இடத்தை எல்லாம் இது ஞாபகம் வச்சுக்குமா?"

"ரெண்டுமே வச்சுக்கும் சார். பேர் போட்டு வச்சீங்கன்னா அடுத்த தடவை தேட வேண்டாம், தொட்டாப் போதும்."

"வச்சுகிட்டு யார்கிட்ட சொல்லும்?"

"யார்கிட்டயும் சொல்லாது சார். யாராவது ஸ்கிரீனைத் தொட்டா காட்டும், அவ்வளவுதான்."

"அப்ப தொடறவன்கிட்ட சொல்லும்" என்றார் தராசு சார், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்துவிட்ட திருப்தியோடு.

"ஒட்டறதே வாங்கிடலாங்க" என்றாள் மனைவி.

அவர் திரும்பிப் பார்த்தார். மிக்ஸி வாங்கியபோதும் சரி, டிவி வாங்கியபோதும் சரி, "உங்களுக்குத் தெரியாததா" என்று ஒதுங்கி நின்றவள் இவள். இன்றைக்குக் கேட்காமலே கருத்துச் சொல்கிறாள்.

"அப்ப வண்டியில இருக்கறதை?"

"கழட்டிப் போட்டுடலாம். மேப்பு பழசுன்னு இவரே சொல்றாரு. பழசை வச்சுகிட்டு என்ன பண்றது?"

காலியான ஊறுகாய் பாட்டிலைக்கூடத் தூக்கிப் போட மனசு வராமல் கழுவிக் கழுவி அடுக்கி வைக்கிறவள், பழசை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கிறாள்! தராசு சாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. ஒட்டுகிற கருவியை ஒரு வாரம் பரீட்சைக்கு எடுத்துப்போகிறேன், வியாழக்கிழமை சாயங்காலம் முடிவு சொல்கிறேன் என்றார். கடைக்காரர் வீட்டு முகவரியைக் கேட்டு, "வீடு" என்று அதில் பதிந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலம் தனியாக வண்டியில் உட்கார்ந்து, துண்டை எடுத்துவிட்டு, உள்ளே பதித்த திரையை முதன்முறையாகத் தட்டினார். விளக்கு எரிந்தது. சேமித்த இடங்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. வீடு. கடை. ஸ்கூல். குழந்தை டாக்டர். அம்மா. ஐந்தே ஐந்து.

ஸ்கூல் சரி, டீச்சர்தானே. அம்மா சரி, யாருக்கும் ஓர் அம்மா இருப்பார். தனியாக இருக்கிற டீச்சருக்குக் குழந்தை டாக்டர் எதற்கு? கடை என்றால் என்ன கடை? சரி, தோண்டிவிட்டால் முழுக்கத் தோண்டிவிடலாம் என்று சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். ஒரு காலுறை அகப்பட்டது. உள்ளங்கை நீளம்கூட இருக்காது, மஞ்சள் நிறம், நுனியில் ஒரு வாத்துப் படம். அதை ஒரு பழைய அரசாங்கக் கவருக்குள் போட்டு, மேலே தேதி, நேரம், கிடைத்த இடம் எல்லாம் எழுதி, ஒட்டிக் கையெழுத்தும் போட்டார். பழக்கம் விடுமா?

மறுநாள் மெக்கானிக்கைப் போய்ப் பிடித்தார். "டீச்சருக்குக் குழந்தை இருக்கா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?" மெக்கானிக் ஒரு நட்டைத் துடைத்தார். துடைத்த நட்டையே மறுபடியும் துடைத்தார். "வண்டியில எதாவது கோளாறா சார்?"

"இது வாடகைக்கு ஓடின வண்டியா? மீட்டரைத் திருப்பி வச்சீங்களா?"

"ஐயோ, என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்ல சார்! நான் உங்களுக்கு அப்படிச் செய்வேனா? உங்க வீட்டுல எல்லாம் விசாரிச்சுத்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"என் வீட்டுலயா? என் வீட்டுல யாரு விசாரிச்சா?"

"பொதுவா சொன்னேன் சார். இந்தக் கஸ்டமர் வேற காத்துகிட்டு இருக்காரு." அங்கே வேறு எந்தக் கஸ்டமரும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் அவர் படுக்கையறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். மனைவி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கி, உள்ளே இருக்கிற திரையை ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருந்தாள். எதையோ அழிக்கப் பார்க்கிறாள், அழிக்கத் தெரியவில்லை. அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் திரையைப் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன பண்றே?"

"தூசி. பாருங்களேன், எவ்வளவு தூசி."

அவர் விரலால் தடவிப் பார்த்தார். தூசி இல்லை.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி வாடகைக்கு ஓடியதோ, மீட்டரைத் திருப்பினார்களோ, அது ஒழியட்டும். முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் கண்ணில் மண் தூவியவர்களைப் பிடித்தவர் கண்ணிலேயே மண் தூவியாகிவிட்டது, அந்த அவமானம்கூடப் போகட்டும். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மெக்கானிக்கோடு சேர்ந்து மறைக்கிறாள். மகள் போன பிறகு அவருக்கு என்று மிச்சம் இருப்பவள் இவள் ஒருத்திதான். உலகத்தில் ஒரே ஒரு தட்டு நேராக நிற்கிறது என்று எண்ணி, அவள் முன்னால் மட்டும் பெட்டியைக் கீழே வைத்துவிடுவார். அந்தத் தட்டும் சாய்ந்ததா? அவருக்குப் பயமாக இருந்தது. கேட்டுவிடலாம், கேட்டால் அவள் பொய் சொல்வாள், சொன்ன பிறகு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதனால் கேட்காமல், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். சோதனை.

வியாழக்கிழமைகளில் பத்து மணி முதல் ஒரு மணி வரைக்கும் அவர் ஊருக்கு நடுவில் இருக்கும் நுகர்வோர் புகார் மையத்தில் சும்மா போய் உட்கார்ந்து உதவி செய்வது வழக்கம். ஓய்வு பெற்றும் அந்த ஒரு நாளை விடவில்லை. அந்த வியாழக்கிழமையும் வழக்கம்போலக் கிளம்பினார். மையத்துக்கு வந்தார், ஆனால் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஒரே பயணத்தில் இரண்டு வேலை என்று திட்டம். உள்ளே இருக்கிற கருவியில் "அம்மா"வைத் தொடுவது. அது காட்டும் இடத்துக்குப் போய், டீச்சரின் அம்மாவைப் பிடித்து, வண்டி யார் கையில் எப்படி ஓடியது என்று வாயைக் கிளறுவது. கூடவே ஒட்டுகிற கருவியில் தன் "வீடு" என்பதைத் தொட்டுவிடுவது. அவர் வேறு பக்கம் போகப் போக, அது எப்படித் தடுமாறித் திருத்திக்கொள்கிறது என்று அதையும் சோதித்துவிடலாம். சாயங்காலம் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

இரண்டையும் தொட்டார். ஒட்டுகிற கருவியில் ஆண் குரல். உள்ளே இருப்பதில் பெண் குரல்.

"இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்" என்றது ஆண் குரல்.

"இடப்பக்கம் திரும்பவும்" என்றது பெண் குரல்.

சரி, முதல் திருப்பம், ஒன்றாக இருக்கலாம். திரும்பினார். பாலத்துக்கு அடியில் இரண்டும் வலது என்றன. சிக்னலில் இரண்டும் நேராக என்றன. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆண் குரல் சொல்லி வாய் மூடுவதற்குள் பெண் குரலும் அதையே சொன்னது. "பாத்து எழுதுது!" என்று வாய்விட்டே சொன்னார் தராசு சார். ஒரே வண்டிக்குள் இருக்கிற இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டன என்றே முடிவு கட்டினார். வேண்டுமென்றே ஒரு சந்தில் தப்பாகத் திரும்பிப் பார்த்தார். இரண்டும் பதறாமல் ஒரே குரலாக அவரைத் திருப்பிக் கொண்டுவந்து அதே சாலையில் விட்டன.

அவர் மருந்து வாங்கும் கடை வந்தது. அவர் முடி வெட்டிக்கொள்ளும் கடை வந்தது. அவர் தெரு வந்தது. வேகத்தைக் குறைத்தார்.

தன் வீட்டு வாசலில், "நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்றது ஆண் குரல், கடமை முடிந்த நிம்மதியோடு.

"நூறு மீட்டர் நேராகச் சென்று இடப்பக்கம் திரும்பவும்" என்றது பெண் குரல்.

இங்கேதான் இரண்டும் முதன்முதலாகப் பிரிந்தன. அவர் பெண் குரலின் பின்னால் போனார். தெருமுனையில் திரும்பி, மறுபடியும் திரும்பி, வீட்டுக்குப் பின்னால் போகும் குறுகலான சந்துக்குள் வண்டி நுழைந்தது. குப்பை வண்டியைத் தவிர வேறெதுவும் வராத சந்து என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் தன் வீட்டுக் கொல்லைச் சுவர், அதில் ஒரு சின்னக் கதவு. கொடியில் தன் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது."

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. கதவு திறப்பதற்கு முன்னாலேயே மனைவியின் குரல் வந்துவிட்டது. அவர் பல வருஷமாகக் கேட்காத குரல், சிரிப்பு கலந்த குரல். "வந்துட்டியா கண்ணு? குட்டி தூங்கிட்டாளா? மெதுவா தூக்கிட்டு வா, படுக்கையை..."

கதவு திறந்தது. அவள் கையில் ஒரு சின்னத் தலையணை இருந்தது. வண்டிக்குள் அவர் இருந்தார்.

ஆண் குரல் மட்டும், திரும்பிப் போகவும், திரும்பிப் போகவும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

"எத்தனை நாளா?" என்றார். ஆய்வாளர் குரல்தான் வந்தது. வேறு குரல் அந்த நேரத்துக்கு அகப்படவில்லை.

"மூணு வருஷமா" என்றாள் அவள். தலையணையை மார்போடு பிடித்துக்கொண்டாள். "ஊரை விட்டுப் போனாங்க, மூணு வருஷத்துல திரும்பி வந்துட்டாங்க. ஒவ்வொரு வியாழக்கிழமையும் வருவா. முன்னாடி நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க, இப்ப மையத்துக்குப் போறீங்க. பதினோரு மணிக்கு வந்துட்டு பன்னண்டரைக்குப் போயிடுவா. இன்னிக்கு இன்னும் வரல. ஆமா, ஏமாத்தினேன். என்ன பண்ணணும்னு சொல்றீங்க? சீல் வைக்கணுமா? வைங்க."

"டீச்சர்?"

"மாப்பிள்ளையோட அக்கா. வண்டி அவங்க பேர்ல இருந்தது, ஓட்டினது நம்ம பொண்ணுதான். ரெண்டாவது குழந்தை வரப்போவுது, அதான் பெரிய வண்டி வாங்கினாங்க."

"அந்த வண்டியை ஏன் என் தலையில கட்டினே?"

"நீங்க எந்த வண்டியைப் பாத்தாலும் எதாவது சொல்லித் தட்டிக் கழிச்சீங்க. இதை நம்பலாம்னு எனக்குத் தெரியும். பச்சைக் குழந்தையைப் பின்னாடி படுக்க வச்சு அவ ஓட்டின வண்டி, பிரேக் எப்படி இருக்கும்னு யாரு எனக்குச் சொல்லணும்?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "குடுக்கறதுக்கு முன்னாடி மாப்பிள்ளைதான் நாலு டயரையும் மாத்தினாரு. மழையில வழுக்கிடக்கூடாது, மாமாவுக்கு ஓட்டிப் பழக்கம் இல்லன்னு. இதுல போட்டு வச்ச இடத்தையெல்லாம் அழிக்க மறந்துட்டோமேன்னு அவ சொன்னதுல இருந்து நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேன்."

தராசு சார் முன்னால் குனிந்து, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். டயர்! ஒவ்வொரு டயரையும் உட்கார்ந்து, விரலால் நெருடி, என்ன களவாணித்தனமோ என்று அவர் பார்த்த பார்வை இப்போது அவருக்கே கூசியது. சட்டைப் பையில் அந்தக் கவர் உறுத்தியது. எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் பிரித்துப் பார்த்தாள். "அட, இதை எங்கெல்லாம் தேடினா தெரியுமா? வாத்து எங்கே, வாத்து எங்கேன்னு குட்டி ஒரு வாரம் அழுதா" என்றாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

அவர் திரையைப் பார்த்தார். பட்டியல் மறுபடியும் வந்து நின்றது. வீடு, கடை, ஸ்கூல், குழந்தை டாக்டர், அம்மா. ஐந்தையும் போன தடவையே படித்துவிட்டார். இல்லாததை இப்போதுதான் பார்த்தார். அம்மாவும் அப்பாவும் இருக்கிற வீடு; அதில் ஒருத்தர் பெயர்தான் அங்கே இருந்தது. காலித் தட்டை முதலில் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

"எனக்குக் கதவைத் திறப்பாளா?" என்று கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "போய் நின்னாத்தான் தெரியும். நான் வேணும்னா போன் பண்ணி, வராதே, நாங்க வர்றோம்னு சொல்லவா?"

"சொல்லாதே" என்றார் அவசரமாக. பிறகு யோசித்து, "இல்ல, சொல்லு. சொல்லாம போக வேண்டாம்" என்றார். சொல்லாமல் கொள்ளாமல் நுழைவதே தொழிலாக இருந்தவர் அப்படிச் சொன்னதில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் போன் பேசினாள். "ம்" என்றாள், "அப்பாதான்" என்றாள், "ம்" என்றாள், வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. வராதேன்னும் சொல்லல."

அவர் கண்ணாடியில் ஒட்டியிருந்த கருவியைப் பிடித்து இழுத்தார். பொத்தென்று கையோடு வந்தது. குரலை அணைத்துப் பின்சீட்டில் போட்டார். சாயங்காலம் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவள் கொல்லைக் கதவைப் பூட்டிவிட்டு, தலையணையோடும் காலுறையோடும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் உள்ளே இருந்த திரையில் "வீடு" என்பதைத் தொட்டார். வழி நீலக் கோடாக வந்தது. கீழே தூரம் வந்தது. நாலு கிலோமீட்டர் அறுநூறு மீட்டர். பதினோரு நிமிஷம்.

அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க அளவைப் பார்த்தவர், ஓர் அளவுக்கு முன்னால் இப்படி உட்கார்ந்ததில்லை.

"இது தப்பா காட்டுது" என்றார். "மேப்பு பழசு. இவ்வளவு கிட்ட இருக்காது."

"சரியாத்தான் காட்டுது" என்றாள் அவள். "அவளுக்குப் பிரசவமான மாசம் வண்டி வரல. அப்ப தினமும் நான் நடந்தே போய்ட்டு வந்தேன்."

அவர் வண்டியைக் கிளப்பினார். சந்து முனையில் பெண் குரல் வலப்பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினார்.